கதவு எண் 12, எந்தத் தெரு?

சென்னையில் வாடகை வீடு தேடி அலைந்தவர்களுக்குப் பழைய எண், புதிய எண் தொல்லை நன்றாகத் தெரியும். ஒரே வீட்டுக்கு இரண்டு எண், ஒரே எண்ணுக்கு இரண்டு வீடு. "12-ஆம் நம்பர் வீடு" என்று மட்டும் சொன்னால் தபால்காரர் சிரித்துவிட்டுப் போய்விடுவார். நான் சில வருடங்கள் குப்பை கொட்டிய கழக்கூட்டத்திலும் இதே கதைதான். 2010-ல் கழக்கூட்டம் பஞ்சாயத்தைத் திருவனந்தபுரம் மாநகராட்சியோடு சேர்த்தார்கள். ஒரு வீட்டு எண்ணைச் சொன்னால், அது பஞ்சாயத்துக் கணக்கா, மாநகராட்சியின் டி.சி. கணக்கா என்று கேட்டுக்கொள்வது நல்லது.

எண் மட்டும் முகவரி ஆகாது. அது யாருடைய கணக்கில் உள்ள எண் என்பதும் தெரிய வேண்டும். கேட்டால் "இது தெரியாதா?" என்று தோன்றும். ஆனால் லினக்ஸ் கெர்னலை உளவு பார்க்கும் கருவிகள் இதை முழுசாகக் கற்றுக்கொள்ள ஏறக்குறைய இருபது வருடம் ஆனது. அந்த வரலாறுதான் இந்தப் பதிவு. அதில் பெங்களூரில் உட்கார்ந்து வேலை பார்த்த நம்மூர்ப் பொறியாளர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. அவர்கள் பெயரை எந்தப் பத்திரிகையும் அட்டையில் போட்டதில்லை என்பதால் இங்கே போடுகிறேன்.

கணினித் துறையில் இல்லாதவர்கள் பயப்பட வேண்டாம். ஊரிலிருந்து போன் செய்யும் அத்தைமார்கள் "ஆபீஸ்ல என்னதான்டா பண்றே?" என்று கேட்பார்களே, அவர்களுக்கும் புரிகிற மாதிரிதான் எழுத முயல்கிறேன் :-)

கெர்னலும் குடித்தனக்காரர்களும்

கணினியில் ஓடும் ஒவ்வொரு நிரலுக்கும் தனித் தனி நினைவகம் இருப்பதாக ஒரு ஏற்பாடு. பிரௌசர் ஒரு வீடு, பாட்டுப் போடும் நிரல் இன்னொரு வீடு. இரண்டிலும் 5000 என்ற எண் கொண்ட இடம் இருக்கும். ஆனால் இரண்டும் ஒன்றல்ல. இதன் 5000-ல் உங்கள் வங்கிக் கணக்கு விவரம், அதன் 5000-ல் இளையராஜா. இந்த வீடுகள் எல்லாம் சேர்ந்த பகுதிக்கு யூசர் ஸ்பேஸ் என்று பெயர். எல்லா வீட்டுச் சாவியையும் வைத்துக்கொண்டு நடுவில் உட்கார்ந்திருப்பது கெர்னல். அதற்கும் சொந்தமாக நினைவகம் உண்டு.

ஒரு நிரல் ஒரு ஃபைலைத் திறக்க வேண்டுமானால் கெர்னலிடம் கேட்க வேண்டும். அப்போது ஃபைலின் பெயரை நேரடியாகக் கையில் கொடுப்பதில்லை. "பெயர் என் வீட்டில் இன்ன எண்ணில் இருக்கிறது, போய்ப் படித்துக்கொள்" என்று ஒரு எண்ணை மட்டும் கொடுக்கிறது. இந்த எண்ணுக்குத்தான் பாயிண்ட்டர் என்று பெயர்.

கெர்னல் இதைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பினால் மூன்று விதத்தில் ஆபத்து. ஒன்று, அந்த எண் நிரலின் வீட்டு எண்ணாக இல்லாமல் கெர்னலின் சொந்த அறை எண்ணாக இருக்கலாம். திருடன் போலீஸ் ஸ்டேஷன் லாக்கர் எண்ணைக் கொடுத்து "என் பெட்டியை எடுத்துத் தாருங்கள்" என்று கேட்பது போல. இரண்டு, அந்தப் பக்கம் அந்த நேரத்தில் நினைவகத்தில் இல்லாமல் டிஸ்க்கில் கிடக்கலாம். மூன்று, கெர்னல் படித்து முடித்த அடுத்த கணமே நிரல் அங்கே இருந்ததை மாற்றி எழுதலாம்.

அதனால் கெர்னல் நேராக எட்டிப் பார்ப்பதில்லை. காப்பி ஃப்ரம் யூசர் என்ற ஒரே வாசல் வழியாகப் போய், பிரதி எடுத்துக்கொண்டு வந்து, தன் பிரதியை வைத்துத்தான் வேலை செய்யும். ஆரம்பகால லினக்ஸில் ஒவ்வொரு முறையும் அந்த எண் சரியானதுதானா என்று முன்கூட்டியே சோதித்துவிட்டுத்தான் போவார்கள். 1996-ல், 2.1 வரிசையில், அதை மாற்றினார்கள். யூசர் எல்லைக்குள் இருக்கிற எண்தானா என்று மட்டும் பார்த்துவிட்டு நேராகப் போ; தடுக்கி விழுந்தால் எந்த இடத்துக்குத் திரும்பி வர வேண்டும் என்று ஒரு அட்டவணையில் எழுதி வைத்துக்கொள். வேகமும் கூடியது, பாதுகாப்பும் குறையவில்லை.

ஆனால் எழுதுகிற மனிதர்கள் மறப்பார்களே? சி மொழியின் கம்பைலருக்கு இந்த எண்ணும் அந்த எண்ணும் ஒன்றுதான். 2003-ல் லைனஸ் டோர்வால்ட்ஸ் ஸ்பார்ஸ் என்ற சோதனைக் கருவியை எழுதினார். யூசர் ஸ்பேஸிலிருந்து வரும் பாயிண்ட்டர் ஒவ்வொன்றுக்கும் "யூசர்" என்று நெற்றியில் நாமம் போட்டுவிட வேண்டும். நாமம் போட்ட பாயிண்ட்டரை யாராவது நேரடியாகத் தொட்டால் அந்தக் கருவி கத்தும். கெர்னல் எழுதுபவர்களுக்கு இப்படி ஒரு வழி பிறந்துவிட்டது.

ஆனால் கெர்னலை வெளியிலிருந்து வேடிக்கை பார்ப்பவர்களுக்கு?

பெங்களூரில் நட்ட உளவுக்கம்பி

ஒரு பெரிய சர்வர் மெதுவாக ஓடுகிறது. நிறுத்திப் பார்க்க முடியாது. நிறுத்தினால் ஒரு வங்கியோ ரயில் முன்பதிவோ நின்றுவிடும். ஓடிக்கொண்டிருக்கும்போதே உள்ளே எட்டிப் பார்க்க வேண்டும். இதற்குப் பெயர் ட்ரேசிங்.

ஐபிஎம் தன் ஓஎஸ்/2 காலத்திலிருந்தே இதில் கைதேர்ந்தது. அந்த அனுபவத்தை வைத்து 2000-ல் லினக்ஸுக்கு டிப்ரோப்ஸ் என்ற கருவியை வெளியிட்டது. இங்கிலாந்தின் ரிச்சர்ட் மூர், இந்தியாவின் ஐபிஎம் பொறியாளர்கள் இதில் முக்கியமானவர்கள். டிப்ரோப்ஸுக்கு ஒரு சின்ன மொழி இருந்தது. அந்த மொழியில் எழுதியதை கெர்னலுக்குள்ளேயே ஓட்டும் ஒரு சின்ன இயந்திரமும் இருந்தது. "கெர்னலுக்குள் இவ்வளவு மூட்டை முடிச்சா?" என்று லினக்ஸ்காரர்கள் சேர்க்கவில்லை. (இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேலை இருக்கிறது.)

நம்மவர்கள் சோர்ந்து போகவில்லை. மூட்டையை அவிழ்த்து, கட்டாயம் தேவையான கருவை மட்டும் வெளியே எடுத்தார்கள். அதுதான் கேப்ரோப்ஸ். 2002-ல் வம்சி கிருஷ்ணா முதல் வடிவத்தை எழுதினார். 2004-ல் பிரசன்னா பஞ்சமுகி அதைச் செப்பனிட்டார். அதே வருடம் சுபர்ணா பட்டாச்சார்யா, ஒரு ஃபங்ஷனுக்கு வரும் மதிப்புகளைப் பார்க்கும் வசதியைச் சேர்த்தார். 2004 அக்டோபரில் வந்த லினக்ஸ் 2.6.9-ல் கேப்ரோப்ஸ் இடம்பிடித்தது. கெர்னல் மூலநிரலில் கேப்ரோப்ஸ் ஃபைலைத் திறந்தால் முதல் சில வரிகளிலேயே இந்தப் பெயர்கள் வருடம் மாதத்தோடு இருக்கின்றன.

அது வேலை செய்யும் விதம் ரொம்ப எளிமையானது. கண்காணிக்க வேண்டிய கட்டளையின் முதல் பைட்டை எடுத்துப் பத்திரமாக வைத்துக்கொண்டு, அந்த இடத்தில் "நில்" என்ற ஒரு பைட்டை நடுவார்கள். ஓட்டம் அங்கே வந்ததும் நிற்கும். நம் உளவாளி பார்க்க வேண்டியதைப் பார்ப்பார். பிறகு ஒளித்து வைத்த மூலக் கட்டளையை ஒரு அடி மட்டும் ஓட்டிவிட்டு, ஒன்றும் நடக்காதது போல அனுப்பிவிடுவார். எல்லாம் கண் இமைக்கும் நேரத்தில்.

இங்கேதான் நம் கதவு எண் பிரச்சினை வருகிறது. ஃபைல் திறக்கும் இடத்தில் உளவாளியை நட்டால் அவர் கைக்குக் கிடைப்பது ஒரு எண். அது யூசர் வீட்டு எண். அவரோ கெர்னல் அறையில் நிற்கிறார். போதாததற்கு அவர் நிற்கும் இடத்தில் தூங்கக் கூடாது, காத்திருக்கக் கூடாது. டிஸ்க்கிலிருந்து பக்கம் வரும் வரை பொறுத்திருக்கும் உரிமை கெர்னலுக்கு உண்டு, உளவாளிக்குக் கிடையாது. கையில் அகப்பட்டால் சரி, இல்லையென்றால் வெறுங்கையோடு திரும்ப வேண்டியதுதான்.

தெருப் பெயர் கேட்டவர்கள்

இதை முதலிலேயே தெளிவாகச் செய்தவர்கள் சன் மைக்ரோசிஸ்டம்ஸ்காரர்கள். பிரையன் கான்ட்ரில், மைக் ஷபீரோ, ஆடம் லெவெந்தால் மூவரும் உருவாக்கிய டிட்ரேஸ், 2005 ஜனவரியில் சோலாரிஸ் 10-உடன் வந்தது. அதன் டி மொழியில் ஒரு பாயிண்ட்டரை நேராகத் தொட்டால் அது கெர்னலின் எண் என்றே பொருள். யூசரின் எண் என்றால் காப்பிஇன் அல்லது காப்பிஇன்ஸ்டர் என்று வெளிப்படையாக எழுத வேண்டும். எழுதாமல் விட்டால், பெரும்பாலும் "தவறான முகவரி" என்று ஒரு செய்தி வரும், இயந்திரம் விழாது.

அதே 2005-ல் லினக்ஸ் பக்கம் ரெட் ஹாட், ஐபிஎம், இன்டெல் சேர்ந்து சிஸ்டம்டாப்பைத் தொடங்கின. பிறகு ஹிட்டாச்சியும் சேர்ந்தது. நாம் எழுதும் ஸ்கிரிப்டை அது சி மொழியாக்கி, கெர்னல் மாட்யூலாகக் கட்டி, உள்ளே ஏற்றிவிடும். அடியில் வேலை செய்வது நம் கேப்ரோப்ஸ்தான். இதிலும் கெர்னல்ஸ்ட்ரிங், யூசர்ஸ்ட்ரிங் என்று இரண்டு தனித் தனி ஃபங்ஷன்கள். யூசர் பக்கத்திலிருந்து படிக்க முடியாவிட்டால் "அன்னோன்" என்று எழுதிவிட்டுப் போகும். பின்னாளில் அதைப் பிழை என்றே அறிவிக்கும்படி மாற்றினார்கள்.

இந்த அன்னோன் கழக்கூட்டத்தில் எங்களை ஒரு வாரம் ஆட்டிப் படைத்தது. எந்த ஃபைல்கள் அடிக்கடி திறக்கப்படுகின்றன என்று ஒரு சர்வரில் பார்த்துக்கொண்டிருந்தோம். பட்டியலில் அங்கங்கே அன்னோன். பக்கத்து இருக்கைக் கொல்லத்துக்காரர் "சேட்டா, பிரேதம் வந்து ஃபைல் திறக்குது" என்று மலையாளத் தமிழில் முடிவு கட்டிவிட்டார். பேயும் இல்லை, பிசாசும் இல்லை. ஃபைல் பெயர் இருந்த பக்கத்தை அந்த நிரல் அதுவரை தொடவே இல்லை. அதனால் அது நினைவகத்துக்கு வந்திருக்கவில்லை. நுழைவாயிலில் நட்டிருந்த உளவாளியை வெளிவாசலுக்கு மாற்றினோம். அதற்குள் கெர்னலே அந்தப் பெயரைப் படித்திருக்கும், பக்கமும் நினைவகத்துக்கு வந்திருக்கும். அன்னோன் காணாமல் போனது. டிட்ரேஸ் பழகியவர்களுக்கும் இந்த வித்தை அத்துப்படி.

பெங்களூர்க் கதை கேப்ரோப்ஸோடு முடியவில்லை. கெர்னலுக்குள் எட்டிப் பார்த்தாயிற்று, நிரலின் வீட்டுக்குள்ளேயே உளவாளியை நடுவது எப்படி? ஐபிஎம்மின் ஸ்ரீகர் துரோணம்ராஜுவும் அமெரிக்காவின் ஜிம் கெனிஸ்டனும் எழுதிய யூப்ரோப்ஸ், 2012-ல் லினக்ஸ் 3.5-ல் சேர்ந்தது. அந்த ஃபைலின் காப்புரிமை வரியில் 2008 முதல் 2012 வரை என்று இருக்கிறது. நான்கு வருடப் பொறுமை. எழுதிக் கொடுத்து, குறை கேட்டு, திருத்தி, மறுபடி அனுப்பி, மறுபடி குறை கேட்டு... நம் வீடுகளில் "வேலை என்றால் ஒரே நாளில் முடிக்கணும்" என்று சொல்பவர்களுக்கு இதைக் காட்டலாம்.

ஒரே ஃபங்ஷன் செய்த குழப்பம்

அடுத்த அலை ஈபிபிஎஃப். அலெக்ஸி ஸ்டாரவாய்டோவ் முன்னெடுத்த இது 2014-ல் லினக்ஸ் 3.18-ல் தலைகாட்டியது, 2015-ல் 4.1 வந்தபோது கேப்ரோப்ஸோடு இணைந்தது. சின்ன நிரல்களைச் சோதித்துப் பார்த்து, கெர்னலுக்குள்ளேயே ஓட்டும் இயந்திரம் இது. ஆமாம், டிப்ரோப்ஸில் "மூட்டை முடிச்சு" என்று ஒதுக்கப்பட்ட அதே எண்ணம்தான் பதினைந்து வருடம் கழித்து வேறு உருவத்தில் வந்து ராஜ மரியாதை பெற்றது. நடுவில் ஒரு முக்கிய வித்தியாசம்: இந்த நிரலை ஓட்டுவதற்கு முன்பே கெர்னல் வரி வரியாகச் சரிபார்க்கும்.

ஆனால் இதில் நினைவகத்தைப் படிக்க பிபிஎஃப் ப்ரோப் ரீட் என்று ஒரே ஒரு ஃபங்ஷன் வைத்தார்கள். கெர்னல் எண்ணா, யூசர் எண்ணா என்று அது கேட்காது. நம் மேசைக் கணினிகளில் இதனால் பெரிதாக ஒன்றும் கெடவில்லை. காரணம், அந்தச் சில்லுகளில் முகவரி எண்களையே இரண்டு பேட்டையாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். பழைய 32-பிட் லினக்ஸில் வழக்கமாகக் கீழ் 3 ஜிபி யூசருக்கு, மேல் 1 ஜிபி கெர்னலுக்கு. 64-பிட்டிலும் இதே பாணி, நடுவில் பெரிய பொட்டல் காடு. எண்ணைப் பார்த்தாலே எந்தப் பேட்டை என்று தெரிந்துவிடும்.

ஆனால் எல்லா இயந்திரமும் அப்படி இல்லை. ஐபிஎம்மின் பெருங்கணினி வகையான எஸ்390-ல் இரண்டு பேட்டைக்கும் ஒரே எண் வரிசை. 12 என்ற எண் அங்கேயும் உண்டு, இங்கேயும் உண்டு. தவறான தெருவுக்குப் போனால் கதவு பூட்டியிருக்காது, பிழைச் செய்தியும் வராது. வேறு யாரோ கதவைத் திறந்து வேறு எதையோ கையில் கொடுப்பார்கள். நீங்களும் நம்பி வாங்கி வருவீர்கள். என்னைக் கேட்டால் இயந்திரம் விழுவதைவிட இது மோசம். விழுந்தால் தெரிந்துவிடும், பொய் சொன்னால் தெரியாது.

சரிசெய்தது எப்போது என்று பாருங்கள். 2019-ல் லினக்ஸ் 5.3-ல் ஜப்பானின் மசாமி ஹிராமட்சு, கேப்ரோப் நிகழ்வுகளில் யூசர் முகவரியைத் தனியாகக் குறிக்கும் வழியைச் சேர்த்தார். 2020 ஜனவரியில் வந்த 5.5-ல் டேனியல் போர்க்மன் அந்த ஒற்றை ஃபங்ஷனை இரண்டாகப் பிரித்தார்: ஒன்று யூசருக்கு, மற்றது கெர்னலுக்கு. அதே வருடம் 5.7-ல், எண் வரிசை மோதாத இயந்திரங்களில் மட்டுமே பழைய ஃபங்ஷன் கிடைக்கும் என்று கதவை அடைத்தார்கள். அலாஸ்டர் ராபர்ட்சன் உருவாக்கிய பிபிஎஃப்ட்ரேஸ் என்ற எளிய ஸ்கிரிப்ட் மொழியிலும் யூபிடிஆர், கேபிடிஆர் என்று எழுதித் தெருவைச் சொல்லிவிடலாம். டிட்ரேஸ் 2005-ல் கேட்ட கேள்வியை ஈபிபிஎஃப் 2020-ல் கேட்டது.

காத்திருக்க முடியாத தொல்லைக்கும் அந்த வருடமே ஒரு விடிவு வந்தது. 2020 டிசம்பரில் 5.10-ல், தூங்க அனுமதியுள்ள சில இடங்களில் மட்டும், பக்கம் வரும் வரை பொறுத்திருந்து படிக்கும் பிபிஎஃப் நிரல்களுக்கு வழி பிறந்தது.

பார்த்தது ஒன்று, நடந்தது ஒன்று

தெருவும் சரி, கதவும் சரி என்றாலும் மூன்றாவது ஆபத்து பாக்கி இருக்கிறது. நாம் படித்த பிறகு நிரல் மாற்றி எழுதிவிட்டால்?

2007-ல் ராபர்ட் வாட்சன் இதைச் செய்தே காட்டினார். பாதுகாப்புக் கருவி நுழைவாயிலில் ஃபைல் பெயரைப் படித்து "சரி, போகலாம்" என்கிறது. கெர்னல் அதே பெயரைத் தனக்காக மறுபடி படிக்கப் போகும் இடைவெளியில், அதே நிரலின் இன்னொரு இழை வந்து பெயரை மாற்றிவிடுகிறது. காவலாளி பார்த்தது கல்யாணப் பத்திரிகை, உள்ளே போனது கத்தி. 2021-ல் டெஃப்கான் மாநாட்டில் ரெக்ஸ் குவோவும் ஜுன்யுவான் ஜெங்கும் இதே ஓட்டையை ஃபால்கோ, ட்ரேசீ போன்ற நவீனக் கண்காணிப்புக் கருவிகளில் காட்டினார்கள். பதினான்கு வருடம் கழித்தும் அதே ஓட்டை!

மருந்து பழையதுதான். யூசர் வீட்டில் இருப்பதைப் பார்க்காதே. கெர்னல் தனக்கென்று எடுத்த பிரதியைப் பார். அது எங்கே கையில் கிடைக்கிறதோ அங்கே உளவாளியை நடு. எந்த ஃபைல் அதிகம் திறக்கிறது என்று கணக்கெடுக்க வெளிவாசல் போதும். திருடனைப் பிடிக்க அது போதாது. வேடிக்கை பார்ப்பது வேறு, காவல் காப்பது வேறு. ஒன்றுக்கு எழுதிய ஸ்கிரிப்டை இன்னொன்றுக்கு மாட்டி வைக்கும் நிறுவனங்கள் இருக்கும் வரை இதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கும்.

இதெல்லாம் நமக்கு எதற்கு?

உங்கள் ஆண்ட்ராய்டு போனில் எந்தச் செயலி எவ்வளவு டேட்டா தின்றது என்று பார்க்கிறீர்களே, ஆண்ட்ராய்டு 9 காலத்திலிருந்து (2018) அந்தக் கணக்கு ஈபிபிஎஃப் வழியாகத்தான் எடுக்கப்படுகிறது. வெளியூரில் இருக்கும் பிள்ளை ஊருக்குப் பணம் அனுப்பினால், அதைக் கையாளும் சர்வர்கள் பலவற்றில் லினக்ஸ் ஓடுகிறது. அங்கே கோளாறு வந்தால் நடு இரவில் எழுந்து பார்க்கும் பொறியாளர் கையில் இந்தக் கருவிகள்தான் இருக்கும். அவை பொய் சொன்னால் அவர் தவறான இடத்தைத் தோண்டிக்கொண்டிருப்பார்.

கழக்கூட்டத்தின் டெக்னோபார்க் 1990-ல் தொடங்கியது, நாட்டின் முதல் தொழில்நுட்பப் பூங்கா. 2001 ஜூலையில் அதே திருவனந்தபுரத்தில், ரிச்சர்ட் ஸ்டால்மன் வந்திருக்க, இந்தியாவுக்கான சுதந்திர மென்பொருள் அறக்கட்டளை தொடங்கப்பட்டது. அந்த ஊர்க் காற்றில் "மூலநிரலைத் திறந்து பார்" என்ற பேச்சு சாதாரணமாக அடிபடும். நாகர்கோவில், திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து அங்கே வேலைக்கு வந்த எத்தனையோ தமிழ்ப் பிள்ளைகள் அந்தப் பேச்சைக் கேட்டுத்தான் கெர்னல் பக்கம் முதன்முதலாக எட்டிப் பார்த்தார்கள். நானும் அப்படித்தான் கேப்ரோப்ஸ் ஃபைலைத் திறந்தேன். மேலே வம்சி கிருஷ்ணா, பிரசன்னா, சுபர்ணா. வெள்ளைக்காரர்கள் மட்டும் எழுதுவது என்று நினைத்திருந்த இடத்தில் நம் பக்கத்து வீட்டுப் பெயர்கள்.

வெளிநாட்டில் வளரும் நம் பிள்ளைகளில் யாருக்காவது கணினி ஆர்வம் இருந்தால், அந்த ஃபைலைத் திறந்து முதல் முப்பது வரியைப் படிக்கச் சொல்லுங்கள். காசு வேண்டாம், அனுமதி வேண்டாம். அப்படியே ஒரு பாயிண்ட்டரைக் காட்டி, "இது யாருடையது?" என்று கேளுங்கள். தேடிப் பார்த்துப் பதில் சொன்னால் பிள்ளை தேறிவிடும் :-)